செபா ஊதாத விசில்

செய்தி வந்தபோது வெள்ளவத்தைச் சந்தையில் மீனுக்கு விலை கேட்டுக்கொண்டு நின்றேன். உதைபந்தாட்ட மத்தியஸ்தர்களின் வாட்ஸ்அப் குழுவில் யாரோ, செபா போய்விட்டார், நெஞ்சுவலி என்று போட்டிருந்தார். இந்த நினைவுக் கூட்டத்துக்கு வந்திருக்கிற உங்களில் பலருக்கும் அப்படித்தான் தெரிந்திருக்கும். எனக்கு முதலில் அழுகை வரவில்லை. ஒன்றன்பின் ஒன்றாக விழுந்த அஞ்சலிகளைப் பார்த்து, நான் செத்தால் இதில் பாதியாவது வருமா என்று நினைத்தேன். மீன் வாங்காமல் வீட்டுக்குப் போய் மனைவியிடம் அதைத்தான் சொன்னேன். "செத்த மனுசனோடயுமா போட்டி?" என்று கேட்டுவிட்டு, அவள் என் வெள்ளைச் சேட்டை அயன் பண்ண எடுத்தாள்.

செபஸ்தியானும் நானும் உதைபந்தாட்ட மத்தியஸ்தர் பரீட்சையை ஒரே நாளில் எழுதியவர்கள். அவர் கொட்டாஞ்சேனை, துறைமுகத்தில் கிளார்க். நான் வெள்ளவத்தை, மருந்துக்கடை. சட்டப் புத்தகத்தில் நான்தான் கெட்டிக்காரன். அதை அவரே எல்லோரிடமும் சொல்லித் திரிவார். அது இன்னும் எரிச்சல். ஆனால் இறுதிப் போட்டி என்று வந்துவிட்டால் விசில் அவருக்கு, கொடி எனக்கு. நடுவில் அவர் ஓட, கோட்டோரம் நான் ஓடுவேன். ஒருமுறையாவது ஓர் இறுதிப் போட்டியின் நடுவில் விசிலோடு நிற்கவேண்டும் என்பதுதான் என் ஆசை. கிடைக்கவில்லை. இனிக் கிடைக்கிற வயதும் இல்லை.

கோர்னர் உதை என்றால் கோல் வாசலில் என்ன நடக்கும் என்று உங்களுக்குத் தெரியும். சேட்டைப் பிடித்து இழுப்பான், முழங்கையால் இடிப்பான், காலை மிதிப்பான். பந்து வரும்வரை நான் பார்த்துக்கொண்டு நிற்பேன். வந்த பிறகும் இழுத்தால் ஊதி, பெனால்டி என்று தண்ட உதைப் புள்ளியைக் காட்டுவேன். சட்டப்படி அதில் ஒரு குறையும் இல்லை. செபா பந்தை உதைக்கவே விடமாட்டார். கோர்னரை நிறுத்தி, இழுபடுகிற இரண்டு பேரையும் கூப்பிட்டு மெதுவாக ஏதோ சொல்வார். அவர்கள் சிரித்துக்கொண்டு திரும்பிப் போவார்கள். அப்படி என்னதான் சொல்கிறாய் என்று ஒருநாள் கேட்டேன். "ஒண்ணுமில்ல மச்சான். நான் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறன் எண்டு சொன்னன்" என்றார். அடுத்த கிழமை நானும் அதையே சொல்லிப் பார்த்தேன். ஒருவன் என்னிடம், "பாருங்க, யார் வேணாமெண்டது" என்றான்.

பிழையே விடாதவர் என்று அவரைச் சொல்லமுடியாது. மட்டக்குளியில் ஒரு போட்டியில், கையால் தள்ளிய பந்தைக் கோல் என்று கொடுத்துவிட்டார். கூட்டமாக நின்றதில் கை அவருக்குத் தெரியவில்லை. இடைவேளையில் யாரோ போனில் எடுத்த படத்தைக் காட்டினார்கள். உடனே, அந்தக் கோலால் பாதிக்கப்பட்ட அணியிடம் நேரே போனார். பிழை தன்னுடையதுதான், ஆனால் இனி மாற்ற ஏலாது என்று சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டு நின்றார். அவர்கள் அவருக்கு ஒரு தோடம்பழத் துண்டு கொடுத்தார்கள். அதே மைதானத்தில் நான் கொடுத்த மிகச் சரியான ஒரு தண்ட உதைக்கு, பஸ் ஏறும்வரை தூஷணத்தால் ஏசிக்கொண்டு என் பின்னால் வந்தார்கள். அந்தத் தோடம்பழத்தை நினைத்தால் இன்றைக்கும் வயிறு எரிகிறது.

நாங்கள் கடைசியாகச் சேர்ந்து நின்ற இறுதிப் போட்டியைப் பற்றியும் சொல்லவேண்டும். முன்னால் ஓடி வந்தவன் கோல்காப்பாளரைத் தாண்டிவிட்டான். வெறும் கோல்தான் எதிரே. காப்பாளர் நிரோஷன், பந்தை விட்டுவிட்டு, விழுந்தபடியே அவன் காலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான். இப்படி ஆளைப் பிடித்து நிச்சயமான கோலைத் தடுத்தால் தண்ட உதை, கூடவே சிவப்பு அட்டை. நான் கொடியைத் தூக்கிவிட்டேன். செபா என் கொடியைப் பார்த்தார். விசில் வாய்க்குப் பக்கத்தில் இருந்தது. ஊதவில்லை. ஒரு மூச்சு, இரண்டு மூச்சு. விழுந்தவனின் காலில் பட்டு உருண்ட பந்தை, பின்னால் வந்த இன்னொருவன் உள்ளே தள்ளிவிட்டான். அதற்குப் பிறகுதான் விசில். கோல் விழுந்துவிட்டதால் நிரோஷனுக்கு மஞ்சள் அட்டை போதும்; அதுவும் சட்டத்தில் உள்ளதுதான். அவன் அழுதுகொண்டே எழுந்து, கடைசிவரை விளையாடினான்.

முடிந்ததும் தேத்தண்ணிக் கடையில் செபாவைப் பிடித்துக்கொண்டேன். "நான் கொடி தூக்கினனான், நீ பாத்தனீதானே? ஏன் ஊதேல்ல?" அவர் வடையைப் பிய்த்து எனக்கும் பாதி வைத்தார்.

"நீ சரிதான் மச்சான். ஆனா பந்து இன்னும் ஓடுதுதானே. நாம ஏன் அவசரப்படணும்?"

சரி என்று ஒப்புக்கொண்டவனோடு எப்படிச் சண்டை பிடிப்பது? வடையைத் தின்றுவிட்டு வீட்டுக்கு வந்தேன்.

கொட்டாஞ்சேனைச் செத்தவீட்டில், தேவாலயத்துக்குப் பெட்டியை எடுக்கும் நேரம், உரிமையோடு முன்பக்கம் தோள் கொடுக்கப் போனேன். இத்தனை வருசம் அவர் பக்கத்தில் ஓடியவன் நான்தானே. யாரோ பின்னாலிருந்து, "அங்கிள், கொஞ்சம் விலகுங்க, நான் பிடிக்கிறன்" என்றான். நிரோஷன். பேலியகொடை மீன் சந்தையில் வேலையைப் பாதியில் விட்டுவிட்டு நேரே வந்திருந்தான். கையில் மீன்வாடை போகவில்லை. முகம் வீங்கியிருந்தது. நான் விலகினேன். தெருமுனைவரை அவன் தோள் மாற்றவில்லை. நான் சிவப்பு அட்டை காட்டியவர்களை ஒவ்வொருவராக நினைத்துப் பார்த்தேன். என்னைத் தூக்க ஒருவனும் வரமாட்டான். அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது. அது செபாவுக்காகவா எனக்காகவா என்று கேட்காதீர்கள்.

போன சனிக்கிழமை ஒரு சின்னப் போட்டிக்கு நடுவில் நின்றேன். தண்ட எல்லைக்குள் ஒருவனைத் தட்டி விழுத்தினார்கள். விசில் என் வாய்க்குப் போய்விட்டது. பல்லில் கடித்துக்கொண்டு பொறுத்தேன். ஒரு மூச்சு, இரண்டு மூச்சு. பக்கத்தில் வந்தவன் கோல் போட்டான். ஒருவரும் கத்தவில்லை, ஏசவில்லை. கோட்டோரம் நின்ற வயதான ஒருவர் பக்கத்து ஆளிடம் சொன்னது எனக்குத் தெளிவாகக் கேட்டது.

"அப்படியே செபா மாதிரி விட்டார், பாத்தியா?"

இத்தனை வருசத்தில் மைதானத்தில் எனக்குக் கிடைத்த முதல் பாராட்டு அது. அதையும் அவரே வாங்கிக்கொண்டு போய்விட்டார். போகட்டும். அந்த இரண்டு மூச்சு இப்போது என்னிடம் இருக்கிறது. அதை நான் திருப்பித் தரப்போவதில்லை, செபா.