தேய்ப்புத் துணியில் வந்த தங்கம்

சால்ட் லேக் அலுவலகத்தில் நான் தாதுக் கற்களை நுண்ணோக்கியில் பார்த்து, உள்ளே என்ன இருக்கிறதென்று சொல்பவள். அதை வைத்து எங்கள் தலைமை உலோகவியலாளர் சுரங்கத்துக்காரர்களுக்கு யோசனை எழுதுவார். அவர் இதே நகரத்தில் பவானிபூரிலேயே பிறந்தவர், நான் மாற்றலில் வந்து டாக்குரியாவில் குடியிருப்பவள். வங்காளிகள் நடுவே இருவரும் தமிழர்கள் என்பதால் ஒருவரையொருவர் வெறுக்க மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை.

அந்த மழைக்காலத்தில் வந்த தாதுவில் தங்கம் இருந்தது, ஆனால் சயனைடில் கரையவில்லை. தங்கம் ஆர்சனிக் கனிமத்தின் ஓரத்தில் ஒட்டியிருந்தால் இன்னும் பொடியாக அரைத்தால் போதும். கனிமத்துக்குள்ளேயே கலந்திருந்தால் அரைத்துப் பயனில்லை, வறுத்துத்தான் எடுக்க வேண்டும். என் நுண்ணோக்கிப் படத்தில் ஓரமெல்லாம் தங்கத்தின் மஞ்சள் கோடு. புதிய அரைவை இயந்திரம் வாங்கச் சொல்லி அவர் அறிக்கை எழுதிவிட்டார். வெள்ளிக்கிழமை அனுப்ப வேண்டும்.

புதன்கிழமை காலை என் பதிவேட்டில் ஒரு வரி குறைவதைப் பார்த்தேன். ஒவ்வொரு கல்லையும் மெருகேற்றும் முன் தேய்ப்புத் துணியை மாற்றித் தேதி எழுதுவேன். இந்தக் கல்லுக்கு எழுதவில்லை. அப்படியானால் மாற்றவுமில்லை. முந்தின வாரம் வேறொரு சுரங்கத்தின் வளமான கல்லைத் தேய்த்த துணி அது. தங்கம் மென்மையானது. துணியில் தங்கி அடுத்த கல்லின் ஓரங்களில் அப்பிக்கொள்ளும்.

புதுத் துணியில் மறுபடி தேய்த்தேன். மஞ்சள் கோடு ஒன்றுகூட இல்லை. அப்படியானால் தங்கம் கனிமத்துக்குள்ளேதான் இருக்கிறது. அவர் அறைக்குப் போய்ச் சொன்னேன்.

“ஏம்மா, துணி மாத்தத் தெரியல, பதிவேடு மட்டும் எழுதி வெச்சுக்கறியா?”

“எழுதி வெச்சதாலதான் தெரிஞ்சுது சார்.”

“தூர் பாபா!” என்று வங்காளத்தில் சலித்துக்கொண்டார். “பழைய படம் எவ்வளவு நல்லா இருக்கு. கையெழுத்துப் போடு.”

“அரைச்சும் தங்கம் வரலைன்னா?”

“இன்னும் அரைக்கணும்னு எழுதுவோம்.”

நான் கையெழுத்துப் போடவில்லை. வியாழனன்றே என் பெயரை எடுத்துவிட்டு, அந்தப் பழைய படத்தோடு அறிக்கையை அனுப்பினார். ஒரு மணி நேரத்தில் நானும் சுரங்கத்துக்காரர்களுக்கு எழுதினேன்: படம் தவறு, தவறு என்னுடையது, இயந்திரம் வாங்காதீர்கள். புதிய படத்தை இணைத்தேன். அவருக்கும் ஒரு பிரதி.

கதவைத் தள்ளிக்கொண்டு வந்தார். “என் முதுகுக்குப் பின்னாடி எழுதறியா?”

“உங்களுக்கும் ஒரு பிரதி போட்டுத்தானே சார் எழுதினேன்?”

திங்களன்று சுரங்கத்திலிருந்து பதில் வந்தது. இயந்திரம் வாங்குவதை நிறுத்திவைத்தார்களாம், வறுக்கும் சோதனையைத் தொடங்கச் சொன்னார்களாம். அந்தப் பதிலை அவர் எனக்கு அனுப்பவில்லை, கீழ்த்தள ஆய்வகத்தில் சொல்லித்தான் தெரியும். சோதனைக் குழுவில் என் பெயர் இல்லை. நான் கேட்கவும் இல்லை.