நம் மொழிக்குப் பத்து நிமிடம்

அரசு வானொலியில் அவளுக்குச் 'செய்தியக்கா' என்று பெயர். அவள் மொழி பேசுகிறவர்கள் நாட்டில் ஒரு கைப்பிடி. அந்தக் கைப்பிடிக்கு மாலையில் பத்து நிமிடம். உண்மையைச் சொன்னால், அதில் செய்தியை யாரும் கேட்பதில்லை. கடைசியில் வரும் மரண அறிவிப்புக்காகத்தான் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். மூலைக்கொருவராகச் சிதறிக் கிடக்கும் சனத்துக்கு, யார் போனார், எங்கே அடக்கம் என்று சொல்ல வேறு நாதி கிடையாது.

மாமியாருக்கு வேற்று மொழி வராது. அந்தப் பத்து நிமிடம்தான் அவள் உலகம். "என் முறை வரும்போது மூக்கை உறிஞ்சாம வாசிடி" என்பாள்.

அன்று மதியம் செய்தியக்காவுக்கு ஒரு போன். "அக்கா, அம்மா போயிட்டாங்க. நாளைக்குக் காலையில அடக்கம். வாசிச்சிடுங்க." போனவள் மாமியாரின் சின்ன வயசுச் சிநேகிதி. "கண்டிப்பா வாசிக்கிறேன்" என்று வாக்குக் கொடுத்துவிட்டாள்.

ஒலிப்பதிவு அறை வாசலில் இயக்குநர் மறித்தார். "இன்னைக்கு உங்க செய்தி இல்லம்மா. அந்த நேரத்துல நேரடி விவாதம். 'பொது ஒலிபரப்பில் சிறுபான்மையினருக்கு இடம் இருக்கிறதா?' நீங்களும் உட்காருறீங்க."

"எங்க நேரத்தை எடுத்துட்டா சார் அதைப் பேசணும்?"

"வேற நேரம் எதுவும் காலியா இல்லையேம்மா." மனிதர் அதைக் கிண்டலாகச் சொல்லவில்லை என்பதுதான் கொடுமை.

"ஒரே ஒரு மரண அறிவிப்பு சார். அரை நிமிஷம்..."

"விவாதத்துக்கு நடுவுல சாவா? நல்லா இருக்குமா?" சொல்லிவிட்டு, தோளில் தட்டாத குறையாகச் சிரித்தார். "உங்க ஒப்பந்தம் இந்த மாசம்தானே முடியுது?"

உள்ளே இரண்டு பேராசிரியர்கள் மல்லுக்கட்டினார்கள். ஒருவர் சதவீதம் என்றார். மற்றவர் மனம் விசாலமாக வேண்டும் என்றார். நடுவில் இவள், கூண்டில் ஏற்றிய சாட்சி போல. 'இடம் இல்லை' என்றால் இருக்கிற பத்து நிமிடமும் போய்விடும். 'இருக்கு' என்றால் பொய். மெல்லவும் முடியவில்லை, விழுங்கவும் முடியவில்லை.

"நீங்க சொல்லுங்க, உங்களுக்கு இடம் கிடைக்குதா?" என்றார் நெறியாளர். ஒலிவாங்கி திறந்திருந்தது. தன் மொழியில் இரண்டு வாக்கியம் சொன்னால் போதும், சனத்துக்குச் சேதி போய்விடும். நாக்கு நுனிவரை வந்தது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இயக்குநர் கைகட்டி நின்றிருந்தார்.

"இருக்கு" என்றாள். அதைப் போய் அழகாக விளக்கவும் செய்தாள்.

"பிரமாதம்!" என்றார் இயக்குநர் வெளியே. "வாராவாரம் இதே நேரத்துல வச்சுக்கலாம். நீங்கதான் நிரந்தர உறுப்பினர்."

வழியெல்லாம் தெரிந்த நாலு பேருக்குப் போன் போட்டாள். மற்றவர்களின் எண்ணுக்கு அவள் எங்கே போவாள்?

வீட்டில் மாமியார் வானொலிக்கு முன்னாலேயே இருந்தாள். "உன் குரல் கேட்டுச்சு. ஒரு எழவும் புரியல. இன்னைக்கு யாரும் சாகலையா?"

சிநேகிதி போனதைச் சொன்னாள். கிழவி வானொலியை அணைத்தாள். பிறகு, "மத்தவங்களுக்கெல்லாம் யாரு சொல்லுவா? தனியாவா புதைப்பாங்க அவளை?" என்றாள்.

இவள் மூக்கை உறிஞ்சினாள்.

"அவ்வளவு நேரம் பேசினியேடி, அப்படி என்னதான் பேசினே?"

"நமக்கு இடம் இருக்குன்னு பேசினேன், அத்தை."