மேனேஜர் நிறுத்திய டேபிள்

அருள்புரத்துப் பனியன் கம்பெனி ஒன்றில் நான்தான் கம்ப்யூட்டர்காரன். படித்து வாங்கிய வேலை இல்லை, பிரித்துப் போட்டுக் கற்றுக்கொண்டது. புதிதாக வந்த மேனேஜருக்கு அதுவே ஆகாது. என் காதுபடவே, "படிச்ச ஆளுக வரிசையில நிக்கறாங்க" என்பார். மரியாதையாக 'ங்க' போட்டே ஆளை அறுப்பதில் எங்கள் பக்கத்தை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது.

மெயில் சர்வருக்குப் புதிய பதிப்பு போட வேண்டியிருந்தது. மெயில்கள் டேட்டாபேஸில் டேபிள் டேபிளாக அடுக்கியிருக்கும். முதலில் அந்த டேபிள்களின் அமைப்பை மாற்ற வேண்டும். அவரிடம் போனேன்.

"மத்தியானம் டேபிளை மாத்தணுங்க. அரை மணி நேரம் நிறுத்தச் சொல்லீருங்க."

"செய்யுங்க. ஒண்ணே ஒண்ணு காணாமப் போனாலும் ஊட்டுக்குக் கெளம்பிக்கலாமுங்க."

மத்தியானம் பேக்கப் எடுத்துவிட்டு மாற்றத்தைத் தொடங்கினேன். பாதியில் பிழை காட்டி நின்றது. பேக்கப்பைத் திருப்பிப் போட்டால் போயிற்று என்று நிமிர்ந்தால், கீழே ஒரே சத்தம். எட்டிப் பார்த்தேன். தைத்த பீஸ்களில் குறை பார்க்கிற செக்கிங் டேபிளை மேனேஜர் நிறுத்தியிருந்தார். பெண்கள் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள்.

"என்ன அண்ணாச்சி, டேபிளை மாத்துதேன்னீகளாம்? புதுசு எங்க?" என்றாள் கீழிருந்து தூத்துக்குடிப் பக்கத்துப் பெண் ஒருத்தி.

நான் சொன்ன டேபிள் இது இல்லை. அப்படியானால் ஆபீஸில் மெயிலை யாரும் நிறுத்தவில்லை. பேக்கப்புக்குப் பிறகும் வந்துகொண்டே இருந்திருக்கிறது. பழையதைத் திருப்பிப் போட்டால் அவ்வளவும் அழியும். சர்வரை நானே நிறுத்தியிருக்க வேண்டும். நிறுத்தியிருந்தால், வெளியிலிருந்து அனுப்புகிற சர்வர்கள் காத்திருந்து மறுபடி அனுப்பியிருக்கும். வாய்ச்சொல்லை நம்பிவிட்டேன்.

மேனேஜர் மேலே வந்தார். "உங்க டேபிள் எங்கீங்க?"

"கம்ப்யூட்டருக்குள்ளீங்க."

"பனியன் கம்பெனில அதை ஆராச்சும் டேபிள்னு சொல்லுவாங்களா?"

சர்வரை நிறுத்தினேன். பாதி மாறியதை அப்படியே நகலெடுத்தேன். பேக்கப்பை வேறொரு கம்ப்யூட்டரில் ஏற்றி ஒப்பிட்டேன். ஏழு மெயில் கூடுதல். ஏழையும் தனியே எடுத்து வைத்த பிறகே பழையதைத் திருப்பிப் போட்டேன், பின்னர் ஏழையும் சேர்த்தேன். அதில் ஒன்று, சரக்கு வாங்குகிற பையர் சாயத்துக்குக் கொடுத்த ஒப்புதல். அது இல்லாமல் துணிக்குச் சாயம் ஏற்ற முடியாது.

அதை அச்செடுத்து இரண்டு முறை படித்தார் மேனேஜர்.

"அடுத்த தடவை எதை நிறுத்தோணும்னு எழுதிக் குடுங்க."

அடுத்த தடவை என்றாரே, அதுவே போதுமென்று இறங்கினேன். மறுவாரம் எழுதிக் கொடுத்தேன். மூன்று எழுத்துப் பிழைகளைச் சிவப்பில் சுழித்து, கையெழுத்துப் போடாமல் திருப்பி அனுப்பினார்.