கைகூப்பிப் போட்ட சண்டை

சேலையூரில் எங்கள் குடியிருப்பின் வாட்ஸ்அப் குழுவுக்கு நான்தான் அட்மின். கருத்து வேறுபாடு வந்தால் எப்படி நாகரிகமாகப் பேச வேண்டும் என்று விதிமுறை எழுதிப் போட்டதும் நானே. ஆளைத் தாக்கக் கூடாது. சுருக்கமாக எழுத வேண்டும். குறை இருந்தால் மாடிப்படியில் முணுமுணுக்காமல் குழுவிலேயே சொல்லிவிட வேண்டும். எல்லோரும் கைகூப்பும் எமோஜி போட்டார்கள். பெருமையில் எனக்குத் தலைகால் புரியவில்லை.

போன மாதம் இரண்டாம் மாடி சார் ஒரு செய்தி போட்டார். முட்டி ஆபரேஷன் முடிந்து அவர் மனைவி மறுநாள் வீடு திரும்புகிறார். படிக்கட்டை மறித்து நிற்கும் காரை நகர்த்தினால் ஆட்டோ உள்ளே வரும்.

அந்தக் கார் என்னுடையது. மழையில் நனைந்ததிலிருந்து ஸ்டார்ட் ஆவதில்லை. "வண்டி படுத்துடுச்சு சார்" என்றால் முடிந்திருக்கும். சொல்ல வெட்கம். அதனால் ஒரு கட்டுரையே எழுதினேன்: பார்க்கிங் உரிமை, அண்டை வீட்டாரின் பண்பு, இதையெல்லாம் தனியாகக் கேட்டிருக்கலாமே என்ற வருத்தம். கடைசியில் கைகூப்பு வேறு. அடேயப்பா, என்ன நடை என்று நானே இரண்டு தடவை படித்துப் பார்த்தேன்.

சார் ஒரே வரியில் பதில் போட்டார். "பரவால்ல சார், கேட்லேருந்து மெதுவா நடந்து வந்துடுவாங்க."

அதன் கீழே உடனே இன்னொரு செய்தி விழுந்தது. "நடக்க வேணாம் சார். எங்க கார் ஓடாது, தள்ளித்தான் நகர்த்தணும். நாலு பேர் கீழ வாங்க." அனுப்பியது என் மனைவி!

சமையலறைக்கு ஓடினேன். "என்கிட்ட சொல்லக் கூடாதா? குரூப்லயா மானத்தை வாங்குவே?"

"முணுமுணுக்காம குரூப்லயே சொல்லணும்னு ரூல் போட்டது யாரு?" என்றாள், தோசையைத் திருப்பியபடி.

கீழே போனால், முதல் ஆளாக சார்தான் நின்றுகொண்டிருந்தார். நான் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு சொகுசாக உட்கார்ந்திருக்க, அவர் பின்னாலிருந்து மூச்சு வாங்கத் தள்ளினார். கார் சுவரோரம் போனதும் இறங்கி, "மன்னிச்சுக்கோங்க சார்" என்றேன். எமோஜி இல்லாமல் சொல்ல நாக்கு குழறியது.

"இதுக்குப் போய் என்ன சார்" என்று அவர் கையிலிருந்த தூசியைத் தட்டிக்கொண்டார்.

படிக்கட்டிலிருந்து என் மனைவி சொன்னாள்: "இவரு நல்ல மனுஷன்தான் சார். டைப் பண்ணாம இருந்தா."