மூடி போட்ட வாளி

லுகேரியாவை அவள் அத்தை மகன் எவோன் "என் பொஞ்சாதி" என்றுதான் கூப்பிடுவான். அவனுக்கு வேறு மனைவி இருந்தாள். லுகேரியாவுக்கும் வேறு புருஷன் இருந்தான். எங்கள் பக்கத்தில் அத்தை பிள்ளைக்கும் மாமன் பிள்ளைக்கும் அந்த உரிமை உண்டு. உடன்பிறந்தவன் சொல்ல முடியாததை அவர்கள் சொல்வார்கள், பலர் முன்னால் சொல்வார்கள். கேட்பவர் கோபித்துக்கொள்ளக் கூடாது. லுகேரியா ஒருமுறை தேவாலயப் பூசையின் நடுவே தூங்கிவிழுந்ததை எவோன் ஒரு குளிர்காலம் முழுக்கச் சொல்லிக் காட்டினான். வசந்தத்தில் ஆற்றுப் பனி உடைந்தபோது அந்தப் பேச்சும் தீர்ந்திருந்தது. அவளும் அதை மறந்துவிட்டாள்.

நான் லுகேரியாவின் தம்பி மனைவி. ஊர்க் கிளினிக்கில் வேலை. டாக்டர் கிடையாது, தொலைவிலிருக்கும் ஆஸ்பத்திரிக்குப் போன் செய்து கேட்டு, சொன்னதைச் செய்ய வேண்டும்.

மதினி லுகேரியா பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை பார்த்தாள். மீன் அறுப்பதில் வேகம். புளிக்க வைத்த மீன்தலை என்றால் ஊரில் அவள் வீட்டுத் தலைதான். குழி தோண்டி, புல் பரப்பி, ராஜ சால்மன் மீனின் தலைகளை அடுக்கி, மேலே மறுபடி புல்லும் மண்ணும் போடுவாள். மண் எப்போதும் சில்லென்றிருக்கும். எப்போது எடுக்க வேண்டும் என்பதை மூக்கை வைத்தே சொல்லிவிடுவாள். அவளுக்கு வாயும் நீளம். சில வருஷங்களுக்கு முன் நதாலியா குழி தோண்டச் சோம்பல்பட்டு பிளாஸ்டிக் வாளியில் தலை போட்டாள் என்று தெரிந்ததும், மதினி வயர்லெஸில் ஊருக்கே கேட்கும்படி, "ஊறுகாய்க்காரி, உப்பு போதுமா?" என்றாள். எல்லா வீட்டிலும் வயர்லெஸ் திறந்தேதான் கிடக்கும். நதாலியா அவளுக்கு அத்தை மகளோ மாமன் மகளோ அல்ல. அதைச் சொல்லும் உரிமை மதினிக்கு இல்லை. ஆனாலும் ஊர் சிரித்தது.

அந்த வருஷம் ஜூன் கடைசியில் மதினியின் புருஷன் இக்நாதி இறந்துபோனான். நாற்பதாம் நாள் விருந்து வைக்க வேண்டும். இறந்தவனுக்குப் பிடித்தது மேசையில் இருக்க வேண்டும். இக்நாதிக்குப் பிடித்தது தலை. ஆனால் ஆற்றில் ராஜ சால்மன் குறைந்துபோயிருந்தது. வலை போடக்கூடாது என்று தடை. தடையை ஒரு பகல் மட்டும் தளர்த்தியபோது ஜூலை முடியப் போயிற்று. என் கணவர் பிடித்து வந்த மீன்களில் தலையையெல்லாம் அக்காவிடம் கொடுத்துவிட்டார். குழியில் போட்டால் நாற்பதாம் நாளுக்குள் பதமாகாது. எங்கள் எல்லாருக்கும் அது தெரியும். அவள் எப்படியோ செய்துவிடுவாள் என்றும் நினைத்தோம்.

விருந்தன்று தட்டு நிறையத் தலை வந்தது. அடியில் புல், மேலே புல், ஓரத்தில் ஈர மண். பதம் சரியாக இருந்தது. அந்த வாசனைக்கு வயதானவர்கள் கதவுப் பக்கம் திரும்பிப் பார்த்தார்கள்.

"பொஞ்சாதி, உன் புருஷன்தான் போய்ட்டானே. இனி மூக்கெலும்பு எனக்கு" என்றான் எவோன். மீன்தலையில் ருசியான இடம் அது.

"உனக்கு இருக்கற மூக்கு போதும் அத்தான்."

"இவ்ளோ சீக்கிரம் புளிச்சிருக்கே. என்ன மந்திரம் போட்ட?"

"உன் மூஞ்சிய ஒருதடவ காட்டினேன். புளிச்சிருச்சு."

துக்க வீட்டில் நாற்பதாம் நாளிலிருந்து சிரிக்கலாம். எல்லாரும் சிரித்தார்கள். எவோன்தான் நிறையச் சாப்பிட்டான். நதாலியாவும் ஒரு தலை எடுத்துக்கொண்டாள். எனக்கு அன்று வயிறு சரியில்லை. தேநீரோடு நிறுத்திக்கொண்டேன்.

மறுநாள் மதியம் எவோன் கிளினிக்குக்கு வந்தான். சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தான்.

"மர்த்தா, நீ ரெண்டா தெரியுற. ஒண்ணையே இந்த ஊரு தாங்காது."

இமைகள் பாதிக்கு மேல் ஏறவில்லை. நாக்கு காய்ந்திருந்தது. நான் போன் செய்தேன். டாக்டர் முதலில் கேட்டது என்ன சாப்பிட்டான் என்று. சொன்னேன். அடுத்தது, குழியா, மூடின வாளியா என்று கேட்டார்.

மதினி அதற்குள் வந்து வாசலில் நின்றிருந்தாள். எவோன் வண்டியில் தள்ளாடிப் போனதை யாரோ வயர்லெஸில் சொல்லியிருக்கிறார்கள்.

"மதினி, குழியா வாளியா?"

"குழி."

நான் புல்லைப் பார்த்திருந்தேன். குழி என்றே டாக்டரிடம் சொன்னேன். டாக்டர் யோசித்தார். மீன் நஞ்சு குழியில் வைத்ததிலும் வரலாம், ஆனால் ஒருவருக்குத்தானே வந்திருக்கிறது என்றார். பக்கவாதமாகவும் இருக்கலாம், கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு மறுபடி கூப்பிடச் சொன்னார்.

எவோனுக்குத் தண்ணீர் கொடுத்தேன். அது மூக்கு வழியாக வந்தது. அவன் மதினி நின்ற பக்கம் முகத்தைத் திருப்பினான். "பொஞ்சாதி" என்று ஆரம்பித்தான். அதற்கு மேல் சொல் உருளவில்லை. ஏதோ கேலிதான் சொல்ல வந்தான். சிரிக்கவும் பார்த்தான். முகம் அசையவே இல்லை.

மதினி சுவரைப் பார்த்தபடி, "வாளி" என்றாள்.

"என்ன மதினி?"

"பள்ளிக்கூட வாளி. மூடிய இறுக்கிப் போட்டு, வேர்வைக் குளியல் அறை சுவரோரம் வெச்சேன். அங்க சூடு இருக்கும்ல. காலைல எடுத்து, பழைய குழியிலருந்து புல்ல எடுத்து மேல போட்டேன்."

நான் மறுபடி போன் செய்தேன். டாக்டரின் குரல் மாறிவிட்டது. விமானம் இப்போதே கிளம்பும், மருந்து அதில் வரும், அந்தத் தலையைத் தின்றவர்கள் ஒருவர் விடாமல் கிளினிக்குக்கு வர வேண்டும் என்றார். மருந்து மேற்கொண்டு கெடாமல் நிறுத்தும், கெட்டதைத் திருப்பாது என்றார்.

வயர்லெஸ் மைக்கை நான் எடுக்கப்போனேன். அவள் கையை நீட்டி வாங்கிக்கொண்டாள்.

"லுகேரியா பேசறேன். நேத்து எங்க வீட்ல தல சாப்ட்டவங்க எல்லாரும் கிளினிக்குக்கு வாங்க. உடனே வாங்க. அது குழியில வெச்சதில்ல. வாளியில வெச்சது. மேல புல்லு நான் போட்டது."

கடைசி வாக்கியத்தை அவள் சொல்லியிருக்க வேண்டியதில்லை.

எங்கள் வயர்லெஸில் எப்போதும் யாராவது பேசிக்கொண்டிருப்பார்கள். அன்று இரைச்சல் மட்டும் வந்தது. நான் கருவி கெட்டுவிட்டதோ என்று பார்த்தேன். பிறகு நதாலியாவின் குரல் கேட்டது.

"நதாலியா. நான் ஒண்ணு சாப்ட்டேன். வர்றேன்."

அவ்வளவுதான். ஊறுகாயைப் பற்றி ஒரு சொல் கூடச் சொல்லவில்லை. மதினி மைக்கை எங்கே வைப்பதென்று தெரியாமல் கையிலேயே வைத்திருந்தாள்.

எவோனோடு இன்னும் இரண்டு பேரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். அந்த இருவரும் சீக்கிரம் திரும்பிவிட்டார்கள். நதாலியாவுக்கு ஒன்றும் ஆகவில்லை. எவோனை மூச்சு இயந்திரத்தில் வைத்தார்கள்.

ஒரு வாரம் கழித்து நகரத்திலிருந்து ஒரு சுகாதார அதிகாரி வந்தாள். மிச்சமிருந்த தலையை எடுத்துக்கொண்டாள். ஓதம் இறங்கியபின் கரைச் சேற்றையும் சின்னச் சின்னக் குழாய்களில் அள்ளினாள். மதினி அவள் பின்னாலேயே போனாள்.

"அந்தக் கிருமி வாளியில இருந்து வந்துதா?" என்று கேட்டாள்.

"இல்லம்மா. இந்தச் சேத்துலயே இருக்கு. நீங்கள்லாம் வர்றதுக்கு முன்னாடியே இருந்திருக்கும். ஆறு கடல்ல சேர்ற இந்த மாதிரிக் குளிர்ந்த எடம்தான் அதுக்கு வீடு. ஆறு உறைஞ்சாலும் சாகாது, தூங்கும். மீன் செவுள்ல ஒட்டிட்டு வரும். எல்லா மீன்லயும் இல்ல, ஆனா எதுல இருக்குன்னு தெரியாது."

"அப்ப இவ்ளோ நாளா ஏன் ஒண்ணும் ஆகல?"

"அதுக்குக் காத்து ஆகாது. காத்து பட்டா சும்மா கெடக்கும். நல்லாக் குளிர்ந்த மண்ணுல மெதுவாத்தான் வளரும். நீங்க காத்த அடைச்சு, சூடும் குடுத்துட்டீங்க."

மதினி தலையாட்டினாள். வாளியின் மேல் போடப் பார்த்த பழி திரும்பி வந்து அவளிடமே நின்றது. அதிகாரி நல்ல பெண். திட்டவில்லை. விஷத்தைக் கொதிக்க வைத்து அழிக்கலாம், வாசனையில் கண்டுபிடிக்க முடியாது என்று மட்டும் சொன்னாள். மூக்கை வைத்தே பதம் சொன்னவளிடம் அதைச் சொன்னாள்.

அதற்குப் பிறகு ஊர் அவளிடம் மரியாதையாக நடந்துகொண்டது. கடையில் வழி விட்டார்கள். பள்ளிக்கூடத்தில் அவள் பரிமாறியதைப் பிள்ளைகள் சாப்பிட்டார்கள். கோயிலில் உட்கார இடம் கொடுத்தார்கள். அவளுக்கு அத்தை பிள்ளைகளும் மாமன் பிள்ளைகளும் ஊரில் பாதிப்பேர். ஒருவரும் வாளி என்ற சொல்லை எடுக்கவில்லை. "நல்லாயிருக்கியா லுகேரியா" என்று கேட்டுவிட்டுப் போனார்கள். கேலியாகச் சொல்லித் தீர்ப்பார்கள் என்று அவள் எதிர்பார்த்திருந்தாள். அவளும் தன் பேச்சைக் குறைத்துக்கொண்டாள். வயர்லெஸ் மைக்கைத் தொடுவதில்லை.

ஒருநாள் என்னிடம் சொன்னாள்: "அத்தான் வரட்டும். அவன் ஆரம்பிச்சா எல்லாரும் ஆரம்பிப்பாங்க."

ஆறு உறைந்தபின் எவோன் வந்தான். பாதியாக இளைத்திருந்தான். குரல் மட்டும் திரும்பியிருந்தது. அவன் மனைவி பார்க்க வந்தவர்களுக்கெல்லாம் தேநீர் கொடுத்தாள். மதினி பெரிய பானையில் மீன் சூப் வைத்து எடுத்துக்கொண்டு என்னையும் துணைக்கு அழைத்துப் போனாள்.

"வா லுகேரியா" என்றான் எவோன். பெயர் சொல்லி.

அவள் பானையை மேசையில் வைத்தாள். உட்காரவில்லை.

"ஏதாச்சும் சொல்லு அத்தான்."

"என்ன சொல்ல?"

"நீ சொல்வியே, அந்த மாதிரி. வாளி, மூடி, எதுவானாலும். எல்லார் முன்னாடியும் சொல்லு."

அவன் தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஆஸ்பத்திரில என்னால கண்ணத் தெறக்க முடியல. வெரல் கூட அசையல. ஆனா காது கேக்கும். அது அவங்களுக்கு மறந்துபோச்சு. தெனமும் எவனாவது ஒருத்தன் வந்து நிப்பான். அழுகின மீனத் தின்னவன் இவந்தான்னு சொல்லுவான். எதுக்குத்தான் இவங்க இதத் திங்கறாங்களோன்னு ஒருத்தி கேட்டா. அவ கெட்ட எண்ணத்துல கேக்கல. எனக்குப் பதில் சொல்ல முடியாதேன்னு மொதல்ல கோவம் வந்துச்சு. அப்புறம்…"

தேநீர்க் கோப்பையைத் தள்ளி வைத்தான்.

"அப்புறம் எனக்கே வெக்கமாயிருச்சு. அவங்க சொல்றதுதானே சரின்னு தோணிச்சு. இக்நாதிய நெனச்சேன், எங்கப்பன நெனச்சேன், எல்லாரையும் நெனச்சு வெக்கப்பட்டேன். உன்ன நெனச்சு இல்ல. உன் மேல கோவம் ஒண்ணுமில்ல. கேலி பண்ண வாயெடுத்தா அந்தப் பொம்பள குரல்தான் கேக்குது."

தன்னால் ஒருவன் உயிர் போகப் பார்த்தது என்பதுவரைதான் மதினி தயாராக வந்திருந்தாள், இந்த வெட்கத்துக்கு அல்ல. அவள் முகம் கழுத்துவரை சிவந்தது.

எவோன் மனைவி கிண்ணங்களை எடுத்து வைத்தாள். மதினி ஊற்றினாள். ஆவி பறந்தது. எவோன் கரண்டியை எடுத்தான், பிறகு கீழே வைத்தான்.

"நல்லாக் கொதிச்சுதா?" என்று கேட்டான்.

கேலியாக இருக்குமோ என்று நான் அவன் முகத்தைப் பார்த்தேன். மதினியும் பார்த்தாள். அப்படி இல்லை.

"கொதிச்சுது" என்றாள்.

அவன் மெதுவாகச் சாப்பிட ஆரம்பித்தான். கிண்ணம் காலியாகும்வரை அவள் நின்றுகொண்டே இருந்தாள்.