அம்பாசமுத்திரத்தில் ஒரு வாரம்

பாளையங்கோட்டை முருகன்குறிச்சியில், ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையின் மாடியில் ஜெபஸ்டின் அண்ணன் உட்கார்ந்திருப்பார். வயது முப்பத்திரண்டு. எட்டு வருடமாக ஒரே ஒரு மென்பொருளைத்தான் செய்துகொண்டிருக்கிறார். அதன் பெயர் நாணல்.

"இன்னுமா தம்பி முடியல?" என்று கண்ணாடிக் கடைக்காரர் கேட்பார்.

"கடையக் கட்டி முடிச்சாச்சு. தெனமும் பெருக்கத்தான செய்யுதீய அண்ணாச்சி?" என்பார் இவர்.

திருநெல்வேலியிலிருந்து பாபநாசம் வரை இருபத்தாறு மருந்துக் கடைகள் சேர்ந்து ஒரே இருப்புப் பட்டியலை வைத்திருக்கின்றன. எந்த மாத்திரை எந்தக் கடையில் இருக்கிறது, எப்போது காலாவதியாகிறது என்பதெல்லாம் வண்ணார்பேட்டையில் ஒரு சர்வரில் இருக்கிறது. வாடிக்கையாளருக்கு எடுக்க வேண்டிய மருந்தின் சீட்டும் அதிலிருந்துதான் அச்சாகும். பழைய காலத்து ஏற்பாடு. மவுஸ் கிடையாது, படம் கிடையாது. கறுப்புத் திரை, பச்சை எழுத்து, விசைப்பலகை. கடைக் கணினியிலிருந்து அந்தச் சர்வருடன் பேச ஒரு ஜன்னல் வேண்டும். டெர்மினல் என்பார்கள். நாணல்தான் அந்த ஜன்னல்.

அண்ணனின் அப்பா ஜேசுதாசன் ஒரு மிஷன் பள்ளியில் எழுத்தராக இருந்தவர். மகன் சென்னையில் இரண்டு வருடம் வேலை பார்த்துவிட்டுத் திரும்பி வந்ததில் அவருக்கு வருத்தம் உண்டு. "அங்கன தெனம் புதுசு புதுசா கேக்கான் அப்பா. நேத்துச் செஞ்சது ஓடுதான்னு ஒருத்தனும் கேக்க மாட்டேங்கான்" என்று அண்ணன் சொன்னாராம். நாணலில் அவர் புதிதாக எதையும் சேர்ப்பது அபூர்வம். ஒரு வெளியீட்டுக்கு ஒரு திருத்தம், அதிகம் போனால் இரண்டு. 1.4.11-இல் அச்சு எடுக்கும்போது கடைசி வரி விழாமல் போனது சரியானது. 1.4.12-இல் திரையைச் சுருக்கி விரித்தால் எழுத்து கலைவது நின்றது. "கடைசி எண் மட்டும் மாறியிருந்தா கண்ணை மூடிட்டுப் போடலாம்" என்று கடைகளுக்கு வாக்குக் கொடுத்திருந்தார். கடைக்காரர்களும் அப்படித்தான் போட்டார்கள்.

அந்த வாக்குக்குப் பின்னால் ஒரு முறை இருந்தது. புதிய பதிப்பு முதலில் ஒரே ஒரு கடைக்குப் போகும். அம்பாசமுத்திரத்தில் தேவசிகாமணி அண்ணாச்சியின் கடை. அங்கே ஒரு வாரம் ஓட வேண்டும். வெள்ளிக்கிழமை அண்ணன் போன் செய்வார். அண்ணாச்சி சரி என்றால் மறுநாள் காலை மற்ற இருபத்தைந்து கடைகளுக்கும் போகும். சரி சொல்லாவிட்டால் போகாது.

அந்தக் கடையைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் உண்டு. அண்ணாச்சிக்கு அறுபது வயது. முன்பு தட்டச்சு நிலையம் நடத்தியவர். திரையைப் பார்க்காமலே நான்கு பக்கம் தாண்டித் தட்டிவிட்டு, வாடிக்கையாளரிடம் ஊர்க்கதை பேசிக்கொண்டிருப்பார். திரை பின்னாலேயே மூச்சிரைக்க ஓடி வரும். போதாததற்கு அவர் தெருவில் இணைப்பும் மந்தம். "அந்த விரலுக்கும் அந்த லைனுக்கும் தாக்குப்பிடிச்சா எங்கனயும் ஓடும்லே" என்பார் அண்ணன். மாடி அறையில் அண்ணனும் நானும் ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தட்டுகிறவர்கள். அந்தச் சோதனையை எங்களால் செய்ய முடியாது.

நான் வேலைக்குச் சேர்ந்து இரண்டு வருடம் ஆகிறது. எங்கள் வீட்டில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் நான். அப்பா மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டத்தில் இருந்தார். தோட்டத்தை மூடி எல்லோரும் மலையிலிருந்து இறங்கியபோது அவரும் இறங்கி, இப்போது விக்கிரமசிங்கபுரத்தில் வாடகை வீட்டில் இருக்கிறார். கீழே வந்ததும் மூச்சிரைப்பு பிடித்துக்கொண்டது. அவருக்கான இன்ஹேலர் பல கடைகளில் கிடைக்காது. நான் அண்ணனிடம் புலம்பியதை யார் மூலமோ கேட்டுவிட்டு, தேவசிகாமணி அண்ணாச்சி மாதாமாதம் ஒன்றை அப்பா பெயர் எழுதி எடுத்து வைக்க ஆரம்பித்தார். வந்ததும் அப்பாவுக்கு அவரே போன் செய்வார். நாங்கள் கேட்கவில்லை.

என் வேலைகளில் ஒன்று வெளியீட்டுக் குறிப்பு எழுதுவது. என்ன பழுது, யார் சொன்னது, என்ன செய்திருக்கிறோம் என்று நாலு வரி. கடைசியில் எப்போதும் ஒரே வரி: "அம்பாசமுத்திரத்தில் ஒரு வாரம் சோதிக்கப்பட்டது."

போன ஐப்பசியில் அப்பாவைப் பார்க்கப் போனபோது, இன்ஹேலரை வாங்கிக்கொள்ள அம்பாசமுத்திரத்தில் இறங்கினேன். அண்ணாச்சி மருந்தை எடுக்கத் திரும்பியபோது என் கண் திரையின் மேல்விளிம்புக்குப் போனது. வேலைப் பழக்கம். அங்கே 'நாணல் 1.2.3' என்று இருந்தது. அந்த வாரம் அவரிடம் நாங்கள் அனுப்பியிருந்தது 1.4.10.

"அண்ணாச்சி, இது பழசுல்லா?"

அவர் கதவைப் பார்த்தார். யாரும் இல்லை. "ஏ பெருமாளு, பைய பேசு. புதுசு என் விரலுக்கு ஒத்துக்கிடல. எழுத்தெல்லாம் வேற மாதிரி தெரியுது. தம்பிகிட்டச் சொல்லிராத என்ன? பாவம், அவன் மனசு ஒடிஞ்சிரும்."

"இந்தத் தடவை மட்டுந்தானா அண்ணாச்சி?"

"ஆமா ஆமா" என்றபடி இன்ஹேலரை என் கையில் வைத்தார். அப்பா பெயரை அழகாக எழுதி, மேலே ஒரு ரப்பர் பேண்டு போட்டிருந்தார்.

நான் சொல்லவில்லை. இந்தத் தடவை மட்டும்தான் என்பதை நம்பினேனா என்று பலமுறை என்னையே கேட்டுப் பார்த்துவிட்டேன். நம்பவில்லை. 1.2.3 மூன்று வருடத்துக்கு முந்தையது. கணக்கு தெரியாமல் இல்லை. அடுத்த வெள்ளிக்கிழமை அண்ணன் போனில் கேட்டார். அண்ணாச்சி, "நல்லாருக்கு வே" என்றார். நான் குறிப்பில் அந்தக் கடைசி வரியைத் தட்டினேன். அதன் பிறகு இன்னும் ஏழு தடவை தட்டினேன்.

ஏழாவது, 1.4.17. கணினியைக் கொஞ்ச நேரம் சும்மா விட்டுவிட்டு வந்து தட்டினால் முதல் எழுத்து விழுவதில்லை என்று இரண்டு கடைகள் சொல்லியிருந்தன. அண்ணன் ஒரு சிறு மாற்றம் செய்தார். தட்டிய விசைக்குச் சர்வரிடமிருந்து பதில் வரத் தாமதமானால் நாணல் அதை இன்னொரு முறை அனுப்பும். எங்கள் அறையில் சரியாக ஓடியது. வெள்ளிக்கிழமை அண்ணாச்சி சரி சொன்னார். சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு எல்லாக் கடைக்கும் போனது.

பதினொரு மணிக்குக் கல்லிடைக்குறிச்சியிலிருந்து நாகலக்ஷ்மி அம்மா பேசினார். அங்கே மருந்தாளுநர். அவர் சத்தம் போடவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

"ஒரு தடவைதான் என்டர் தட்டுதேன். ரெண்டு தடவை போகுது. ரெண்டாவது என்டர் அடுத்த பட்டியல்ல முதல்ல இருக்கிறதத் தானா எடுத்துக்கிடுது. அஞ்சு மில்லிகிராம் போடவேண்டிய பெரியவருக்குப் பத்துன்னு சீட்டு வந்திருக்கு. கடைப் பையன் அதப் பாத்து எடுத்தும் வச்சுட்டான். கவர்ல போடும்போது நான் பாத்தேன். பாக்காம விட்டிருந்தா?"

அண்ணன் நாற்காலியிலிருந்து எழுந்து நின்றுகொண்டார். பிறகு நாங்கள் இருவரும் ஒவ்வொரு கடையாகக் கூப்பிட்டு, பழைய 1.4.16-க்குத் திரும்பச் சொன்னோம். ஒரு மணிக்குள் இருபத்தைந்து கடையும் திரும்பின. வேறு இரண்டு கடைகளிலும் தவறான சீட்டு வந்திருந்தது. மருந்து யார் கைக்கும் போகவில்லை.

கடைசியாகத்தான் அவருக்கு அது தோன்றியது. "ஏலே, அண்ணாச்சி கடையில ஒரு வாரமா இது ஓடியிருக்கு! அந்த வேகத்துக்கு எத்தனை சீட்டு மாறிப் போயிருக்கும்? யாருக்கு என்ன குடுத்தாரோ?" போன் செய்தார். அண்ணாச்சி எடுக்கவில்லை. "வண்டிய எடு" என்றார்.

அப்போது நான் சொல்லியிருக்கலாம். சேரன்மகாதேவி வரை வண்டியை ஓட்டியபடி சொல்ல வாயெடுத்துக்கொண்டே வந்தேன். வீரவநல்லூர் தாண்டியதும், இனி அவரே பார்த்துக்கொள்வார், என் வாயால் வரவேண்டாம் என்று நினைத்துக்கொண்டேன். அதை நினைத்தது நான்தான்.

அண்ணாச்சி கடையில் கூட்டம் இல்லை. எங்களைக் கண்டதும் முகமெல்லாம் சிரிப்பு. "வாரும் வே! என்ன இந்த வெயில்ல? குடிக்கக் கலர் சொல்லட்டுமா?"

"அண்ணாச்சி, ஒரு வாரமா சீட்டு எதுவும் மாறி வந்துச்சா? யாருக்கும் மருந்து மாறிப் போச்சா?"

"ஒண்ணும் இல்லையே. எல்லாம் ஜோரா ஓடுது. நேத்துச் சொன்னேன்ல்லா?"

அண்ணன் பெருமூச்சு விட்டார். அப்படி நிம்மதியாக அவர் மூச்சுவிட்டு நான் பார்த்ததில்லை. இவ்வளவு வேகத்தில் தப்பியது எப்படி என்று பார்க்க மேசையைச் சுற்றி வந்து குனிந்தார். மேல்விளிம்பைப் பார்த்தார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார்.

"இது எப்பத்துலேர்ந்து?"

அண்ணாச்சி மேசையில் கிடந்த சீட்டுகளை அடுக்கத் தொடங்கினார்.

"அண்ணாச்சி. எப்பத்துலேர்ந்து?"

"நீரு வந்து போட்டுத் தந்தீருல்லா, அதுதான். ஒன்னு புள்ளி மூணுன்னு ஒன்னு அனுப்புனீரு. ஒரு நாள் போட்டுப் பாத்தேன். கை தடுமாறிச்சு. மறுநாள் பழசையே தொறந்துட்டேன். அன்னைக்குன்னு பாத்து நீரு போன் போட்டு எப்படி இருக்குன்னு கேட்டீரு. குரலே அவ்வளவு ஆசையா இருந்துச்சு. நல்லாருக்குன்னேன். அடுத்த வாரம் எப்படி வே மாத்திச் சொல்ல?"

"எழுத்து பொடிசா இருக்குன்னு சொன்னீங்களே. நான் பெருசாக்கி அனுப்புனேனே. அதுக்குன்னே ஒரு ரிலீஸ் விட்டேனே."

"எப்பவும் நல்லாருக்குன்னே சொன்னா சந்தேகம் வரும்லா" என்றார் அண்ணாச்சி, தலையைக் குனிந்தபடி.

அண்ணன் சிரித்தாரா என்று எனக்குச் சரியாகத் தெரியவில்லை. அப்படி ஒரு சத்தம் வந்தது. அண்ணாச்சிக்கு அது தாங்கவில்லை. தன் பக்கத்தில் நியாயம் தேடியவர், என்னைப் பிடித்து இழுத்து நிறுத்தினார். கெட்ட எண்ணம் கொஞ்சமும் இல்லை.

"உம்ம மனசு நோகக் கூடாதுன்னுதான் வே. பெருமாளுக்கும் தெரியும், கேட்டுப் பாரும். அவனும் அதாலதான உம்மகிட்டச் சொல்லல?"

அண்ணன் என்னைப் பார்த்தார்.

"எப்ப தெரியும்?"

"ஐப்பசியில."

அவர் விரல் மடக்கி எண்ணினார். எண்ணி முடித்துவிட்டு, "ஒவ்வொண்ணுக்கும் நீதான குறிப்பு எழுதுன" என்றார். கேள்வி இல்லை அது. நான் அப்பாவின் இன்ஹேலரைப் பற்றிச் சொல்லத் தொடங்கினேன். பாதியில் நிறுத்திக்கொண்டேன். அது உண்மைதான். ஆனால் பாதி உண்மை. ஒரு பெரிய மனுஷன் 'சொல்லாதே' என்றால் 'சரி' என்று தலையாட்டுவது எனக்குப் பழகிய வேலை, சுலபமான வேலை. அதைக் கருணை என்று எனக்கு நானே பெயர் வைத்துக்கொண்டிருந்தேன்.

திரும்பும் வழியில் கல்லிடைக்குறிச்சியில் வண்டியை நிறுத்தச் சொன்னார். நாகலக்ஷ்மி அம்மா வெளியே வந்தார்.

"இத யாரு பாத்துச் சரின்னு அனுப்புனது?" என்று கேட்டார்.

"நான்தாம்மா" என்றார் அண்ணன்.

"உங்க பேச்சை நம்பித்தான் கண்ணை மூடிட்டுப் போட்டேன். இனி நீங்க என்ன அனுப்புனாலும் நான் போடப் போறதில்ல. இருக்கிறதே போதும்."

அவர் தலையசைத்துக் கேட்டுக்கொண்டார். எட்டு வருடம் சேர்த்தது, அந்தக் கடைப் படியில் நின்றபடியே போனது. வண்டியில் ஏறும்போது என் தோளைப் பிடிக்கவில்லை. பின்கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

என்னை அவர் வேலையை விட்டு அனுப்பவில்லை, திட்டவும் இல்லை. அடுத்து வந்த 1.4.18-இன் குறிப்பை அவரே எழுதினார். மூன்று வரி. சோதனை பற்றி ஒன்றுமில்லை. இன்னொன்றும் செய்திருந்தார். ஒவ்வொரு கடையிலும் நாணலைத் திறந்த உடனே, எந்தப் பதிப்பு என்று அது தானாகவே எங்கள் அறைக்குச் சொல்லிவிடும். யார் வாயையும் கேட்க வேண்டியதில்லை. காலையில் வந்தால் திரையில் ஒரு பட்டியல் நிற்கும். 1.4.18-ஐ முதல் வாரத்தில் போட்டவை ஒன்பது கடைகள்தான்.

வெள்ளிக்கிழமை போனும் நின்றுபோனது. மூன்றாவது வெள்ளி, அண்ணாச்சி என்னைக் கூப்பிட்டார்.

"ஏ பெருமாளு, தம்பி ஏன் கூப்பிடவே மாட்டேங்கான்? நான் இப்போ நெசமாவே புதுசைப் போட்டு ஓட்டுதேன். பதினஞ்சு நாளா கை வலிக்க வலிக்கப் பழகியிருக்கேன். இதுல ஒரு தப்பு இருக்கு லே. நாலு பக்கம் வேகமாத் தாண்டுனா காலாவதித் தேதி வார இடத்துல முந்துன மருந்தோட தேதியே நிக்கி. சொல்லிரு அவன்கிட்ட."

அண்ணனிடம் சொன்னேன். திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டார்: "நீ பாத்தியா?"

"இல்ல. அண்ணாச்சி சொல்லுதாவ."

அவர் வேலையைத் தொடர்ந்தார்.

மதியம் பஸ் ஏறி அம்பாசமுத்திரம் போனேன். பட்டியலில் இருந்தபடியே அங்கே 1.4.18 ஓடிக்கொண்டிருந்தது. அண்ணாச்சி உட்கார்ந்து தட்டினார். இரண்டு முறை ஒன்றும் தெரியவில்லை. மூன்றாவது முறை, இருமல் மருந்துக்குப் பக்கத்தில் வேறு ஒன்றின் தேதி அப்படியே நின்றது. மோசமான பழுது. அவர் சொன்னது அத்தனையும் சரி. போனில் படம்பிடித்து அண்ணனுக்கு அனுப்பினேன்.

கால் மணி நேரம் கழித்துப் பதில் வந்தது. "இன்னொரு தடவை எடு. இன்னைக்குத்தான் எடுத்ததுன்னு தெரியணும்."

நான் அதை வாசித்துக் காட்டினேன். அண்ணாச்சி எழுந்துபோய் அன்றைய செய்தித்தாளை எடுத்துவந்து, தேதி தெரியும்படி மடித்து, ஒரு கையால் திரைக்குப் பக்கத்தில் பிடித்துக்கொண்டு, மறு கையால் தட்ட ஆரம்பித்தார். ஒரு கையால் அவ்வளவு வேகம் வரவில்லை. செய்தித்தாளை நான் வாங்கிப் பிடித்துக்கொண்டேன்.