சத்தம் வராத கேமரா

என் வீட்டுக்காரர் கலையரசனுக்குச் சிங்கப்பெருமாள் கோயில் ஊரில் போட்டோ ஸ்டூடியோ. எதையாவது உடனே வாங்கிவிட்டால் மனுஷனுக்குச் சோறு இறங்காது. ஃப்ரிட்ஜ் வாங்கச் சொன்னால், அடுத்த மாடல் வரட்டும் என்பார். அப்படியே இரண்டு கோடை போனது.

என் மாமியார் சரோஜா அத்தை சிரித்தால் தெருவே திரும்பிப் பார்க்கும். பக்கத்தில் இருப்பவர் முதுகில் நாலு அடி விழும். ஆனால் ஃபோகஸ் பண்ணும்போதே கேமரா ‘டக்’ என்றால் போதும், ஆதார் கார்டில் இருப்பதுபோல விறைத்துக்கொள்வார். ஊரார் கல்யாணத்தில் எத்தனையோ சிரிப்பை எடுத்த என் வீட்டுக்காரருக்குப் பெற்ற தாயின் சிரிப்பு ஒன்று அகப்படவில்லை. அது அவருக்குத் தீராத குறை.

தீபாவளிக்கு முன்னால் புதிதாக ஒரு மிரர்லெஸ் கேமரா வந்தது. எடுக்கும்போது சத்தமே வராதாம். ஆள் எங்கே நின்றாலும் கண்ணைத் தேடிப் பிடிக்குமாம். இவர் சோற்றில் கை வைத்தபடி ரிவ்யூ பார்த்தார்.

“அம்மாவுக்குன்னே செஞ்ச மாதிரி கீது சுஜாதா.”

“அப்ப வாங்கிடுங்க.”

“மொத லாட்ட எவனாவது வாங்குவானா? இன்னா கோளாறு வருதுன்னு பாக்கலாம். ஆடியில ஆஃபர் வேற போடுவான். ஆக்கப் பொறுத்தோம், ஆறப் பொறுக்கக் கூடாதா?”

“ஆறின கஞ்சி பழங்கஞ்சி. போன்லயாவது எடுங்களேன்.”

“போன்ல எடுத்தத பெருசு பண்ணா உடையும்டி. அம்மா படத்த செவுரு முழுக்க மாட்டணும்.”

காணும் பொங்கலுக்கு மாமல்லபுரம் போனோம். அலை ஒன்று வந்து அத்தையை உட்கார்ந்த வாக்கிலேயே உருட்டிவிட்டது. எழுந்திருக்க முடியாமல் சிரித்தார் பாருங்கள், அப்படி ஒரு சிரிப்பு! இவர் பழைய கேமராவைத் தூக்கினார். டக். வாய் மூடிக்கொண்டது.

“போடா, வேற வேல இல்ல ஒனக்கு” என்று அத்தை முந்தானையைப் பிழிந்தார்.

“அடுத்த பொங்கலுக்குப் புதுசு இருக்கும், அப்ப பாரு” என்றார் இவர். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

சித்திரையில் ஒருநாள் காலை, அத்தை கையிலிருந்து காபி டம்ளர் நழுவியது. பக்கவாதம். செங்கல்பட்டு ஆஸ்பத்திரியில் உயிரைக் காப்பாற்றிக் கொடுத்தார்கள். இப்போது நடக்கிறார், பேசுகிறார். வாய் மட்டும் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டது. சிரிப்பு வந்தால் முந்தானையால் மூடிக்கொள்கிறார்.

அத்தை வீடு திரும்பிய வாரமே இவர் போய் அந்தக் கேமராவை வாங்கி வந்தார். ஆடியும் பார்க்கவில்லை, ஆஃபரும் பார்க்கவில்லை. வாங்கி வந்தவர் பெட்டியைப் பிரிக்காமல் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். திட்டித் தீர்க்க வேண்டும் என்றுதான் இருந்தேன். அந்த முகத்தைப் பார்த்ததும் மனசு வரவில்லை.

அத்தைதான் கூப்பிட்டார். “இன்னாடா, எனக்குன்னு வாங்கினுவந்துட்டு மூடி வெச்சிகினு கீற? எடு.”

நாற்காலியைத் திருப்பிப் போடச் சொன்னார். இழுக்காத கன்னம் மகனுக்குத் தெரியும்படி உட்கார்ந்தார். முந்தானையைத் தானே இடுப்பில் செருகிக்கொண்டார். யாரும் சொல்லாமல், போட்டோவுக்கென்றே சிரிக்கப் பார்த்தார்.

கேமரா அத்தையின் கண்ணைச் சரியாகத் தேடிப் பிடித்திருக்கும். இவர் கண்தான் குளமாகிவிட்டது. விரல் அசையவில்லை.

“எடுத்துட்டியாடா கலை?” என்றார் அத்தை, உதடு நடுங்க. “சீக்கிரம் எடுடா. இந்தச் சிரிப்ப ரொம்ப நேரம் புடிச்சிகினு இருக்க முடியல.”